தங்கவயல் பேய் நகரம் அல்ல, கணக்குத் தீராத ஊர்

அக்டோபர் 31 ஹாலோவீன் நாள். ஐரோப்பியக் கிராமங்களில் அறுவடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் தருணத்தில், இறந்தோரை நினைத்து மக்கள் கொண்டாடிய பழைய வழக்கம் அது. இன்று அது உலகெங்கும் விற்பனையாகும் சரக்கு. பெங்களூருவின் மால்களும் கேளிக்கைப் பூங்காக்களும் அதைக் கடை விரிக்கின்றன. இருண்ட அறை, செயற்கைப் புகை, தொங்கும் எலும்புக்கூடு, திடீரென எழும் அலறல், வெளியேறும் வழியில் ஒரு தின்பண்டக் கடை ஆகியவற்றின் தொகுப்பே ‘பேய் வீடு’. நம் ஊர்ப் பொருட்காட்சிகளிலும் ராட்டினத்துக்கும் மரணக்கிணற்றுக்கும் பக்கத்தில் பேய் வீடு நெடுங்காலமாக நின்றுகொண்டிருக்கிறது. குழந்தைகள் பயந்து கத்திச் சிரித்துக்கொண்டு வெளியே ஓடிவருவதில் நமக்கு எந்த ஆட்சேபமும் இல்லை. உழைக்கும் மக்களுக்கும் சிரிக்க உரிமை உண்டு.

உயிருள்ள மனிதர் வாழும் ஓர் ஊரையே பேய் வீட்டின் அரங்கப் பொருளாக மாற்றுவதைத்தான் நாம் எதிர்க்கிறோம். பெங்களூருவிலிருந்து ரயிலில் இரண்டரை மணி நேரத் தொலைவில் உள்ள கோலார் தங்கவயலுக்கு இன்று அதுவே நேர்ந்துகொண்டிருக்கிறது. துருப்பிடித்த சுரங்கக் கோபுரங்களையும் கூரை இழந்த கம்பெனி பங்களாக்களையும் படம் பிடித்து, ‘பேய் நகரம்’ என்று தலைப்பிட்டுப் பரப்புவது ஒரு தொழிலாகிவிட்டது. சுரங்கச் சுற்றுலா பற்றிய பேச்சு அவ்வப்போது எழும்போதெல்லாம், இந்தப் பேய்க் கவர்ச்சியும் ஒரு மூலதனமாக எண்ணப்படுகிறது. இது வெறும் ரசனைக் குறைபாடு என்று ஒதுக்கிவிட முடியாது. ஓர் ஊரைச் செத்தது என்று அறிவித்துவிட்டால், அந்த ஊருக்குக் கொடுக்க வேண்டிய கடனுக்கு எவரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. பேய் நகரம் என்ற சொல்லின் பயன் இதுதான்.

செத்தது யார்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ராபர்ட்சன்பேட்டை நகரின் மக்கள்தொகை 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் அதிகம். இத்தனை பேர் வாழும் ஊர் எப்படிப் பேய் நகரமாகும்? விடியுமுன்னரே மாரிக்குப்பத்தில் புறப்படும் ரயில்களில் ஆயிரக்கணக்கானோர் பெங்களூருவுக்கு வேலைக்குச் செல்கின்றனர். கட்டட வேலை, காவலாளி வேலை, துப்புரவு, ஆயத்த ஆடை ஆலை, தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களின் கடைநிலைப் பணிகள் என எல்லாவற்றிலும் தங்கவயலின் பிள்ளைகள் இருக்கின்றனர். இரவு திரும்பி வந்து உறங்குகின்றனர். அவர்களைப் பேய்கள் என்று அழைப்பவர்கள் அவர்களது உழைப்பை மட்டும் உயிருள்ளதாக வாங்கிக்கொள்கின்றனர்.

பேய்க் கதைக்கு இருட்டு வேண்டும். ஆனால் தங்கவயல் இருட்டில் பிறந்த ஊர் அல்ல. 1902இல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியிலிருந்து சுமார் 147 கிலோமீட்டர் கம்பி இழுத்து இந்தச் சுரங்கங்களுக்கு மின்சாரம் கொண்டுவரப்பட்டது. பெங்களூருவின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்து, 1905இல். தலைநகருக்கு முன்னரே ஒளி பெற்ற ஊரை இருண்ட ஊராக்கியவர்கள் யார் என்ற கேள்வியை எந்தப் பேய் வீடும் கேட்காது.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி இங்கே கால் வைத்தது. வடாற்காடு, சித்தூர், தருமபுரிப் பகுதிகளிலிருந்து பஞ்சத்தாலும் சாதிக் கொடுமையாலும் துரத்தப்பட்ட மக்கள், பெரும்பாலும் தலித்துகள், குழிக்குள் இறங்கினர். தமிழரும் தெலுங்கரும் கன்னடரும் ஒரே கேஜில் இறங்கி ஒரே தூசியைச் சுவாசித்தனர். 120 ஆண்டுகளில் 800 டன்னுக்கும் மேற்பட்ட தங்கத்தை வெளியே அனுப்பினர். மேலே கம்பெனி அதிகாரிகள் கிளப்பும் கோல்ஃப் மைதானமும் அமைத்து ‘சின்ன இங்கிலாந்து’ என்று பெயரிட்டுக்கொண்டனர். தொழிலாளிக்கோ மூங்கில் தட்டி அடைத்த குடிசை. இன்றைய படக்கருவிகள் தேடிச் செல்வது பங்களாவின் இடிந்த மாடிப்படியைத்தான். தட்டி வீட்டின் சுவடு எவர் கண்ணிலும் படுவதில்லை. பேயாவதற்கும் ஒரு பங்களா வேண்டியிருக்கிறது!

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. ஜெயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் அடுகின்றன. பசியால் வாடிய பேய்களின் கூத்து படிப்போரைச் சிரிக்க வைக்கிறது. காப்பியச் சுவையில் அதற்கு இணை குறைவு. ஆனால் அந்தக் கூழுக்குள் கிடப்பவர்கள் யார்? கலிங்கத்து உழவனா, படையில் கூலிக்குச் சேர்ந்தவனா? பரணி அதைக் கேட்பதில்லை. வென்றவன் குலோத்துங்கன், படை நடத்தியவன் கருணாகரத் தொண்டைமான். அவர்கள் பெயர் நிற்கிறது. களத்தைக் காட்சியாக்கும்போது மடிந்தவன் பெயரற்றுப் போகிறான். அன்று அரசவைக்குப் பரணி. இன்று சந்தைக்குப் பேய் வீடு.

அவசர வழி இல்லாத பேய் வீடு

ஒரு பேய் வீட்டைத் திட்டமிடுவோர் முதலில் யோசிப்பது பாதுகாப்பைப் பற்றித்தான். யோசிக்க வேண்டியதும் அதுதான். பாதை குறுகலாகத் தோன்ற வேண்டும், ஆனால் ஆள் தடுக்கி விழக்கூடாது. இருட்டாக இருக்க வேண்டும், ஆனால் ஒரு பொத்தானை அழுத்தினால் விளக்கெல்லாம் எரிய வேண்டும். அலறுவோரை அழைத்துச் செல்ல ஒரு பணியாளர் நிற்க வேண்டும். பயம் போலியானது என்ற உறுதிதான் அங்கே விற்கப்படும் பொருள்.

லாபவெறி அந்த உறுதியையும் விட்டுவைப்பதில்லை. 1984 மே 11 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில் ‘சிக்ஸ் ஃப்ளாக்ஸ்’ பூங்காவின் பேய்க் கோட்டை தீப்பிடித்து எட்டு இளம் வயதினர் மாண்டனர். தீயணைக்க நீர் தெளிக்கும் அமைப்பு அதில் இல்லை. இங்கே 2024 மே 25 அன்று குஜராத்தின் ராஜ்கோட்டில் விளையாட்டு அரங்கு ஒன்று எரிந்து 27 பேர் கருகினர். குழந்தைகளும் அதில் அடக்கம். தீயணைப்புத் துறையின் அனுமதிச் சான்றே இல்லாமல் அது நடந்துவந்தது. கேளிக்கை என்ற பெயர் எவருக்கும் கவசம் ஆகாது. முகமூடி அணிந்து பேயாக நிற்கும் நாள்கூலி இளைஞனுக்கும் அங்கே வேலைப் பாதுகாப்பு இல்லை, உயிர்ப் பாதுகாப்பும் இல்லை.

இப்போது சுரங்கத்தை எண்ணிப் பாருங்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே சென்றது. உலகின் ஆழமான சுரங்கங்களில் ஒன்று. அடியாழத்தில் பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும். பாறையின் மீது ஏறிய அழுத்தம் திடீரென வெடித்துச் சிதறும். தோண்டத் தோண்ட அந்தப் பாறை வெடிப்பு பெருகியது. அங்கே பொத்தானை அழுத்தி விளக்குப் போட எவரும் இல்லை.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியிலிருந்து தங்கவயலுக்கு வந்த சுரங்கத் தொழிலாளரிடையே ஒரு நம்பிக்கை உண்டு. சுவருக்குள் குட்டி ஆவிகள் தட்டும், அந்தத் தட்டும் ஒலி கேட்டால் சரிவு வரப்போகிறது, ஓடிவிட வேண்டும் என்பார்கள். சாப்பாட்டில் ஒரு துண்டை அந்த ஆவிகளுக்கென விட்டு வைப்பார்கள். பாறை நெரிபடும் ஓசையும் முட்டுக்கட்டை முனகும் ஓசையுமே அந்தத் தட்டல். தொழிலாளியின் பேய் இப்படிப்பட்டது: அது எச்சரிக்கும், உயிரைக் காக்கும். கம்பெனியின் கணக்குப் புத்தகத்தில் இடம் பெறாத பாதுகாப்பு அறிவு ஆவி வடிவில் வாழ்ந்தது. கேளிக்கைப் பூங்காவின் பேய்க்கும் இந்தப் பேய்க்கும் இடையே உள்ள தூரம் மூலதனத்துக்கும் உழைப்புக்கும் இடையே உள்ள தூரம்.

குழியிலிருந்து தப்பி மேலே வந்தவனையும் ஒன்று தொடர்ந்து வந்தது. பாறைத் தூசி நுரையீரலில் படிந்து இறுகும் சிலிக்கோசிஸ் நோய். இந்தியாவில் அந்நோய் முதன்முதலாகப் பதிவானது கோலார் தங்கச் சுரங்கத்தில்தான். 1940களில் அங்கே நடந்த ஆய்வில், பரிசோதிக்கப்பட்ட ஆயிரக்கணக்கான தொழிலாளரில் ஐந்தில் இருவருக்கும் மேல் அந்நோய் இருந்தது தெரியவந்தது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும் நோய் அது. மார்க்ஸ் தமது ‘மூலதனம்’ நூலில் மூலதனத்தை, உயிருள்ள உழைப்பை உறிஞ்சி வாழும் இரத்தக் காட்டேரிக்கு ஒப்பிட்டார். தங்கவயலில் அந்த ஒப்புமையை எக்ஸ்ரே படத்தில் காணலாம்.

திரை எழுதிய வரலாறு

2018இலும் 2022இலும் வந்த ‘கே.ஜி.எஃப்.’ திரைப்படங்கள் ஊரின் பெயரை உலகெங்கும் கொண்டுசென்றன. கற்பனைப் படம் கற்பனையாகவே இருக்கட்டும். ஆனால் அந்தக் கற்பனையில் விடுபட்டது எது என்று சொல்ல வேண்டியது நம் கடமை. படத்தில் தொழிலாளர்கள் விலங்கிடப்பட்ட அடிமைக் கூட்டம். எங்கிருந்தோ வரும் ஒற்றை நாயகன் அவர்களை மீட்கிறான். உண்மைத் தங்கவயலில் அப்படி எவரும் வந்து மீட்கவில்லை. 1930இல் கைரேகைப் பதிவை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர் தாமே எழுந்து 21 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அயோத்திதாசரின் பௌத்த சங்கம் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளை விட்டது. அவர் தொடங்கிய ‘தமிழன்’ இதழை அவருக்குப் பின் அப்பாதுரையார் இங்கிருந்தே நடத்தினார். கம்யூனிஸ்டுகள் சங்கம் கட்டினர். படிக்கவும் சங்கம் சேரவும் தெரிந்த ஊர் இது. அந்த அறிவை அகற்றிவிட்டால் மிஞ்சுவது புழுதியும் இருளும் மட்டுமே. பேய் வீட்டுக்கும் அவை இரண்டும் போதும்.

படப்பிடிப்பு நடந்த இடம் சயனைடு மலை. தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட கழிவு மண் மேடுகளைத்தான் ஊரார் அப்படி அழைக்கின்றனர். சுமார் 3.3 கோடி டன் மண். காற்றுக் காலத்தில் அந்தத் தூசி லைன் வீடுகளின் சோற்றுத் தட்டு வரை வருகிறது. படத்தின் இரண்டாம் பாகத்துக்காக அங்கே அரங்கம் அமைத்தபோது, சுற்றுச்சூழல் கேடு என்ற முறையீட்டின் பேரில் 2019இல் உள்ளூர் நீதிமன்றம் படப்பிடிப்புக்கு இடைக்காலத் தடை விதித்தது. திரையில் அழகிய பாலைவனமாகத் தெரிவது தெருவில் இருமலாகக் கேட்கிறது.

ஜோகன்னஸ்பர்க் காட்டும் பாடம்

சுரங்கத்தின் மீது கேளிக்கைப் பூங்கா கட்டுவது எங்கோ நடக்கப்போகும் கற்பனை அல்ல. தென்னாப்பிரிக்காவின் ஜோகன்னஸ்பர்க்கில், க்ரவுன் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தின் 14ஆம் எண் குழியைச் சுற்றி ‘கோல்டு ரீஃப் சிட்டி’ என்ற பூங்கா 1987இல் திறக்கப்பட்டது. ராட்டினங்களும் உணவகங்களும் வந்தன, பின்னர் சூதாட்ட விடுதியும் வந்தது. சுற்றுலாப் பயணியர் தலைக்கவசம் அணிந்து குழிக்குள் இறங்கிப் பார்க்கலாம். அதன் அருகே 2001இல் இனஒதுக்கல் அருங்காட்சியகம் எழுந்தது. சூதாட்ட உரிமம் பெற முதலாளிகள் ஏற்ற நிபந்தனையின் விளைவு அது. உண்மையைச் சொல்லும் கட்டடத்துக்கும் சூதாட்டப் பணம் தேவைப்பட்டது!

ஆனால் அந்நாட்டுத் தொழிலாளர் அத்தோடு நிற்கவில்லை. சிலிக்கோசிஸால் பாதிக்கப்பட்ட முன்னாள் தங்கச் சுரங்கத் தொழிலாளர் கம்பெனிகள் மீது கூட்டு வழக்குத் தொடுத்தனர். 2019 ஜூலையில் ஜோகன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் 500 கோடி ரேண்ட் இழப்பீட்டு உடன்பாட்டை ஏற்றது. 1965 முதல் அங்கே வேலை செய்தோருக்கும், இறந்துபோனோரின் குடும்பத்துக்கும் அதில் உரிமை உண்டு. முழு நீதி இது என்று எவரும் சொல்லமாட்டார். இருப்பினும் இறந்தவனைப் பேயாக்காமல் கடன் கொடுத்தவனாக நிறுத்தியது அந்த வழக்கு. தங்கவயல் கற்க வேண்டியது இதைத்தான், ராட்டினத்தை அல்ல.

நிச்சயமற்ற காலத்தில் யாருடைய திட்டம்?

1956இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது. 1962இல் அவை மத்திய அரசிடம் சென்றன. 1972இல் பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. 2001 பிப்ரவரி 28 அன்று வாஜ்பாய் ஆட்சியில் அது மூடப்பட்டது. நீரிறைக்கும் எந்திரங்கள் நின்றன, குழிகளில் நீர் நிறைந்தது. வேலை இழந்தோர் ரயில் ஏறினர். மேலே இருந்த குழிகளும் உயிர் வாங்கின. 2011இல் இதே தங்கவயலில் மலக்குழியில் இறங்கிய மூன்று தொழிலாளர் மூச்சுத் திணறி மாண்டனர். தங்கக் குழியை மூடிய அரசால் மலக்குழியை மூட முடியவில்லை.

நிறுவனத்தின் பெயரில் சுமார் 12,000 ஏக்கர் நிலம் கிடக்கிறது. அதில் 13 கழிவு மண் மேடுகள் உள்ள 1,003 ஏக்கரில் மேற்பரப்புச் சுரங்கத் தொழிலை மீண்டும் தொடங்கும் மத்திய அரசின் யோசனைக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. டெல்லியில் பாஜக, பெங்களூருவில் காங்கிரஸ்; மண்ணை ஏலம் விடுவதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. மற்றொரு பக்கம், 1964இல் தொடங்கப்பட்டு தங்கவயலுக்குச் சோறு போட்டுவரும் பொதுத்துறை நிறுவனம் பி.இ.எம்.எல். தனியாருக்கு விற்கும் பட்டியலில் உள்ளது. அதன் உபரி நிலங்களைப் பிரித்துத் தனி நிறுவனமே அமைத்துவிட்டனர். அடுத்த ஆண்டு வேலை இருக்குமா, வீடு இருக்குமா, மேட்டைக் கிளறினால் எழும் தூசி எங்கே படியும் என்பது எவருக்கும் தெரியாத காலம் இது.

இக்காலத்தில் சுற்றுலா வந்தால் நான்கு பேருக்கு வேலை கிடைக்குமே என்று சிலர் கேட்கின்றனர். நேர்மையான கேள்வி. வேலையற்ற இளைஞன் படக்கருவியைத் தூக்குவதையோ வழிகாட்டியாக நிற்பதையோ நாம் பழிக்கவில்லை. ஆனால் எந்த வேலை, எவ்வளவு கூலி, யாருடைய நிலத்தில், யாருடைய முடிவின்படி என்று கேட்காமல் கைதட்ட முடியாது. தந்தை தூசியால் இறந்த இடத்தில் மகன் பேய் முகமூடி அணிந்து நாள்கூலிக்கு அலறுவதை வளர்ச்சி என்று ஏற்க முடியாது. ஊருக்கு அருங்காட்சியகம் வேண்டும். அதில் கேஜும் விளக்கும் இருக்கட்டும். 1965இல் இதே சுரங்கத்தின் ஆழத்தில் நியூட்ரினோ துகளின் தடயத்தைக் கண்டறிந்த அறிவியல் ஆய்வும் இருக்கட்டும். வேலைநிறுத்தத் துண்டறிக்கையும் சிலிக்கோசிஸ் எக்ஸ்ரேயும் அவற்றுக்கு நிகராக இருக்க வேண்டும். அதை நடத்தும் பொறுப்பு முன்னாள் தொழிலாளர் குடும்பங்களின் கையில் இருக்க வேண்டும்.

அதற்கு முன் தீர்க்க வேண்டிய கணக்குகள் உள்ளன. லைன் வீடுகளில் தலைமுறைகளாக வாழ்வோருக்கு நிபந்தனையற்ற பட்டா வேண்டும். முன்னாள் தொழிலாளரின் நிலுவைகள் முழுமையாகத் தீர்க்கப்பட வேண்டும். ஓய்வு பெற்ற ஒவ்வொருவருக்கும் அரசுச் செலவில் நுரையீரல் பரிசோதனையும், நோய் உறுதியானால் இழப்பீடும் வேண்டும். தூசியைத் தடுக்கும் பாதுகாப்புத் திட்டம் மக்கள் முன் வைக்கப்படாமல் மண் மேட்டில் ஒரு கூடையும் அள்ளக்கூடாது. எந்தத் தொழில் வந்தாலும் உள்ளூர் மக்களுக்கு நிரந்தர வேலை வேண்டும். பி.இ.எம்.எல். பொதுத்துறையாகவே தொடர வேண்டும். இவை நிறைவேறும் வரை எந்தக் கேளிக்கைத் திட்டத்துக்கும் தங்கவயலில் இடமில்லை.

மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவன் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றி இங்கே குறிப்பிட வேண்டும். கம்யூனிஸ்ட் அறிக்கை ஒரு பேயுருவைச் சொல்லித்தான் தொடங்குகிறது. 1931இல் ‘குடிஅரசு’ ஏட்டில் அறிக்கையின் தமிழாக்கம் முதன்முதலாக வெளியாகத் தொடங்கியது. அந்தப் பேயுருவைப் ‘பூதம்’ என்று படித்துப் பழகியவர்கள் நாம். பொருத்தமான சொல். புதையலைப் பூதம் காக்கும் என்பது நம் மக்களின் வழக்கு. பூதம் என்றால் கடந்த காலம் என்றும் பொருள் உண்டு. கடந்த காலம் புதையலைக் காத்து நிற்கிறது, உரியவன் வந்து கேட்கும்வரை. ஆளும் வர்க்கம் அஞ்சுவது இந்தப் பூதத்துக்குத்தான். அதனால்தான் காகிதப் பேய்களைக் கட்டித் தொங்கவிட்டு அதை மறைக்கப் பார்க்கிறது.

அக்டோபர் 31 சந்தையின் பேய்நாளாக இருந்துவிட்டுப் போகட்டும். அடுத்து வரும் நவம்பர் 2 கல்லறைத் திருநாள். தங்கவயலின் கிறிஸ்தவக் குடும்பங்கள் மெழுகுவத்தி ஏற்றித் தம் இறந்தோரைப் பெயர் சொல்லி நினைக்கும் நாள். அதற்கு அடுத்த இரண்டாம் நாள் நவம்பர் 4. 1946இல் அன்றுதான் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர் தங்கவயலில் உயிர் ஈந்தனர். பெயர் சொல்லி நினைக்கப்படுபவன் பேயாவதில்லை. தோழர்கள் இவ்வாண்டு நவம்பர் 4 அன்று தங்கவயலின் ஒவ்வொரு லைனுக்கும் செல்லட்டும். கையில் செங்கொடி இருக்கட்டும். அதோடு பட்டா, நிலுவை, நுரையீரல், வேலை என்ற கோரிக்கைப் பட்டியலும் இருக்கட்டும். வீட்டுக்கு வீடு கையெழுத்து வாங்குவோம். கையெழுத்திட ஆள் இருக்கும் ஊர் பேய் நகரம் அல்ல.